காற்றும் ஒளியும் கதிரையும்

நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களுட் சில, நம் வீட்டுத் தளபாடங்களைப் போலவே கடல் கடந்து வந்தவை. மேசை, கதிரை, அலுமாரி, யன்னல் என்பன போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. கந்தோர், லாச்சி என்பன ஒல்லாந்தர் தந்தவை. தமிழ்ப் பாடவேளையில் இவற்றைத் திசைச்சொற்கள் என்று கரும்பலகையில் எழுதும்போது மாணவர் வியப்பர். அவர்க்கு யான் கூறும் மற்றொரு செய்தியும் உண்டு. பெயர்தான் அயலது, பொருள் நம் மண்ணினது. ஒல்லாந்தர் காலத்துக் கதிரை இந்நாட்டு முதிரையாலும் கருங்காலியாலும் பலாவாலும் செய்யப்பட்டது. இருக்கை பிரம்பினாற் பின்னப்பட்டது. காற்று ஊடுருவும் அவ்விருக்கை நம் வெப்பத்துக்கு மிக ஏற்றது. இன்றோ நிலைமை தலைகீழாகியுள்ளது. கதிரை என்னும் சொல் நம்முடையதாகிவிட்டது. கதிரையோ நமக்கு அயலாகிவிட்டது.

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என இதழாசிரியர் பணித்தபோது, தமிழாசிரியனாகிய யான் கம்பனைப் பற்றியோ வள்ளுவனைப் பற்றியோ எழுதுவேன் என அவர் எண்ணியிருக்கக்கூடும். அவர்களைப் பற்றி எழுத வல்லார் பலர் உளர். பழைய மாணவர் சங்கத்தின் கொழும்புக் கிளைக்கு வத்தளையில் ஒரு கந்தோர் அமைத்த வரலாற்றை எழுத, அப்பணியில் ஈடுபட்ட மூவரே உள்ளோம். பொருள் சிறிதெனினும் அதனுள் அடங்கிய வினா பெரிது. பொதுப் பணத்தைக் கொண்டு ஓர் அறையை அமைப்போர், திறப்புவிழா நாளை மனத்திற் கொள்ளவேண்டுமா, பத்தாம் ஆண்டினை மனத்திற் கொள்ளவேண்டுமா என்பதே அவ்வினா.

2019ஆம் ஆண்டில், நீர்கொழும்பு வீதிக்கும் ஹமில்டன் கால்வாய்க்கும் இடையில், பழைய வீடொன்றின் பின்கட்டு நமக்குக் குறைந்த வாடகைக்குக் கிடைத்தது. முப்பது அடி நீளமும் பதினாறு அடி அகலமும் கொண்ட மண்டபம், ஓட்டுக்கூரை, சிவப்புச் சீமெந்துத் தரை, வடக்கிலும் தெற்கிலும் நந்நான்கு மரயன்னல்கள், மேற்கே ஒரு விறாந்தை. பகலில் அது சங்கக் கந்தோர்; புலமைப்பரிசில் ஏடுகளும் கடிதங்களும் அங்கே பேணப்படவேண்டும். மாலையில் அதுவே வாசிப்பு மண்டபம். மலையகத்திலிருந்து வந்து உறவினரின் ஒற்றை அறைகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் வத்தளையில் பலர். அவர்களுக்கு விளக்கும் மேசையும் அமைதியும் அளித்தலே அவ்விடத்தை எடுத்ததன் முதன்மை நோக்கம்.

உள்ளமைப்புக்கென ஓர் ஒப்பந்தகாரர் வரைபடமும் மதிப்பீடும் தந்தார். யன்னல்களை அடைத்து ஈரிடத்தில் மட்டும் திறக்கவியலாத கண்ணாடி, இரண்டு குளிரூட்டிகள், ஜிப்சம் பலகையாலான தாழ்ந்த முகடு, அதனுட் பதித்த இருபத்துநான்கு விளக்குகள், அலுமினியத் தடுப்புகள், மெலமைன் பூசிய சிப்போட் மேசைகள், சில்லுக் கதிரைகள், பழைய தரையின்மேற் பளபளக்கும் ஓடு. படத்திற் பார்க்க வங்கிபோல் இருந்தது. எங்கள் பொருளாளர் ஐயா அதனை விரும்பினார். அவர் கருத்து வீண்பெருமையிற் பிறந்ததன்று. “மாஸ்டர், லண்டனிலயும் கனடாவிலயும் இருந்து வாற எங்கட பிள்ளையள் கதவைத் திறந்த உடன முகத்தில குளிர்காத்துப் படவேணும். அப்பத்தான் சங்கம் நல்லா நடக்குது எண்டு நம்புவினம். நம்பினாத்தான் தருவினம்” என்றார். நாற்பது ஆண்டுகள் நிதி திரட்டியவர் கூற்று அது, எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

ஆகவே உணர்ச்சியை விடுத்துக் கணக்கினை எடுத்தோம். அவ்வளவிலான குளிரூட்டி ஒன்று முழுவீச்சில் ஓடும்போது ஏறத்தாழ 1,000 வாற்று மின்சாரத்தை இழுக்கும். இரண்டும் நாளொன்றுக்கு எட்டு மணிநேரம், மாதத்தில் 25 நாள் அவ்வாறு ஓடினால் 400 அலகு. பழைய வகை மின்விசிறி சுமார் 75 வாற்றுக் கொள்ளும். அவ்வகை நான்கு அதே நேரம் சுழன்றால் 60 அலகு. இக்காலத்துப் புதுவகை மோட்டர் பூட்டிய விசிறிக்கு 30 வாற்று அளவே போதும். நான்கிற்கும் 24 அலகு. வாங்கும் விலை ஒருமுறை போவது. மின்பட்டியலோ மாதந்தோறும் வருவது. அது புலமைப்பரிசில் நிதி இருக்கும் அதே பெட்டியிலிருந்து செலுத்தப்படுவது. குளிர்காற்று முகத்திற் படும்போதெல்லாம் யாரோ ஒரு மாணவனின் பயிற்சிப் புத்தகம் பறந்து போகின்றது என்பதை அக்கணக்கு எங்களுக்கு உணர்த்திற்று.

யன்னலைத் திறந்துவைத்து ஒரு கந்தோரை நடத்த இயலுமா என்று ஐயுறுவோர், கொழும்பு 10, ரி.பி. ஜாயா மாவத்தையில் நிற்கும் மகாவலிக் கட்டடத்தைச் சென்று பார்த்தல் நன்று. அரச ஈட்டு வங்கிக்கென 1976 முதல் 1978 வரையான காலத்தில் எழுப்பப்பட்ட 12 மாடிக் கட்டடம் அது. அமைத்தவர் ஜெஃப்ரி பாவா (1919–2003). அக்காலத்தில் அவருடைய தொழிற்பங்காளராக விளங்கியவர் பொறியியலாளர் கலாநிதி கே. பூலோகசுந்தரம் என்பது தமிழர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அம்மாடமாளிகை, வீசும் காற்றின் திசை நோக்கி நிறுத்தப்பட்டது. வெயிலைத் தடுத்துக் காற்றையும் பகலொளியையும் உள்ளே விடும் வகையில் அதன் யன்னல்கள் வகுக்கப்பட்டன. பன்னிரண்டு மாடியிற் கைகூடியது, ஒற்றைத் தளத்து வத்தளை மண்டபத்தில் ஏன் கைகூடாது?

அக்காலத்துக் கட்டடக் கலைஞர் உள்ளூர்ப் பொருள்களைக் கையாண்டமைக்குக் கொள்கை மட்டும் காரணமன்று, தட்டுப்பாடும் காரணம். 1960களிலும் 1977 வரையும் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுக்கமாக இருந்தன. கண்ணாடியும் உருக்கும் அரியனவாயின. எனவே ஓடும் செங்கல்லும் கருங்கல்லும் தென்னைமரமும் மீண்டும் மதிப்புப் பெற்றன. 1977இற்குப் பின் துறைமுகக் கதவு திறந்தது. அதனோடு கந்தோர்களின் யன்னற் கதவுகள் மூடின. எனினும் அறிவு மறைந்துவிடவில்லை. 2008இல் துல்கிரியவில் அமைந்த ஆடைத் தொழிற்சாலையொன்று, பகலொளியையும் மண்கற்களையும் நன்கு பயன்படுத்தி, லீட் என்னும் பசுமைக் கட்டடத் தரத்தின் பிளாட்டினச் சான்றினைப் பெற்றது.

யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டிற் பிறந்தார்க்கு இவை புதுமையல்ல. நடுமுற்றத்தால் ஒளி இறங்கும். வெப்பக்காற்று ஏறி வெளியேறும். நாற்புறத்து விறாந்தை நிழல் தரும். அதனினும் தொன்மையான சான்று வேண்டுமாயின் நெடுநல்வாடையைப் புரட்டலாம். அரண்மனை வகுப்போர் ஞாயிற்றின் நிழலைக்கொண்டு திசையைத் துணிந்து, பின்னரே நூல்பிடித்து மனை வகுத்த முறையை அப்பாட்டு விரிக்கின்றது. அரசியின் கட்டிலுக்கும் போரில் வீழ்ந்த யானையின் கொம்பே கொள்ளப்பட்டது. முதலில் ஞாயிற்றைக் கேள், உயிரோடிருப்பதை அழிக்காதே, இவ்விரண்டு விதிகளும் நமக்கும் போதும் என்று குழுவிற் கூறினேன். பொருளாளர் ஐயா சிரித்தார், ஆயினும் மறுக்கவில்லை.

ஞாயிற்றைக் கேட்டபோது அது ஒரு பாடம் கற்பித்தது. வடக்கு யன்னலில் நேர்வெயில் விழாது என்று மேனாட்டு நூல்கள் கூறும். அது அவர்கள் நாட்டுக்கே பொருந்தும். கொழும்பு ஏறத்தாழ வட அகலக்கோடு 7 பாகையில் உள்ளது. சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாள் முன்னர் உச்சிப்பொழுதில் ஞாயிறு நம் தலைக்கு நேரே நிற்கும். அதன்பின் செப்டெம்பர்த் தொடக்கம் வரை வடபால் சாய்ந்தே செல்லும். ஆகவே இங்கே வடக்கிற்கும் தெற்கிற்கும் ஒப்பத் தாழ்வாரம் வேண்டும். கிழக்கும் மேற்குமே உண்மையிற் பகையானவை. சரிந்த வெயிலைத் தாழ்வாரம் தடுக்காது. எங்கள் மண்டபத்து மேற்கு விறாந்தை அப்பகையை ஏற்கெனவே வென்றிருந்தது. வடபுறத் தாழ்வாரத்தை மட்டும் இரண்டடி நீட்டினோம். விறாந்தையில் பனையோலைத் தட்டிகளைத் தொங்கவிட்டோம். யன்னல்களின் பழைய மரக்கதவுகளைச் சுரண்டி எண்ணெய் பூசினோம். ஒரு கிலோ அலுமினியத்தை மூலப்பொருளினின்று பிரித்தெடுக்க 13 முதல் 15 அலகு மின்சாரம் செல்லும் என்பர். உலர்ந்த மரத்தின் நிறையிற் பாதியோ காற்றிலிருந்து மரம் ஈர்த்துச் சேமித்த கரி. இருக்கும் மரச்சட்டத்தைக் கழற்றி எறிந்து அலுமினியம் பொருத்துவது இருமடங்கு இழப்பு.

சுவர்களுக்கு வெண்மையே தெரிந்தோம். வெண்சுவர் தன்மேல் விழும் ஒளியிற் பெரும்பகுதியை அறைக்கே திருப்பித் தருவது. விலையில்லா விளக்கு அது. இரவுக்கு எட்டு எல்.ஈ.டி. குழாய் விளக்குகள், ஒவ்வொன்றும் 18 வாற்று. படிக்கும் மேசையின்மேல் 300 முதல் 500 லக்ஸ் ஒளி வேண்டும் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. இருபத்துநான்கு விளக்குகளை முகட்டிற் பதித்து நடைபாதைக்கும் மேசைக்கும் ஒரே ஒளியைப் பொழிவதைவிட, மேசைவரிசைக்கு மேலே விளக்கினைத் தாழ்த்தித் தொங்கவிடல் மேல். யன்னலோரத்து வரிசைக்கும் நடுவரிசைக்கும் வேறு வேறு ஆளி வைத்தோம். மாலை ஐந்தரைக்கு நடுவரிசை எரியும். யன்னலோரம் ஆறு மணிவரை காத்திருக்கும். முற்காலத்து இழைவிளக்கு, தான் உண்ட மின்சாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்களவே ஒளியாக்கி, எஞ்சியதை வெப்பமாக்கிற்று. நீல எல்.ஈ.டி.யைக் கண்டவர்க்கு 2014இல் பௌதிகவியல் நோபல் பரிசு வழங்கப்பட்டமை எத்துணைப் பொருத்தம் என்பதை, வெக்கையில் விளக்கின்கீழ் அமர்ந்து படித்தவர் அறிவர்.

இனித் தளபாடம். பழைய மாணவர் ஒருவர் வீட்டுக் களஞ்சிய அறையில் ஐந்து பலாமர மேசைகள் கிடந்தன. களனி கங்கை பெருகிய 2016 மே மாத வெள்ளத்தில் அவ்வறை மூழ்கியிருந்தது. அதே அறையில் நின்ற சிப்போட் அலுமாரி பாணைப்போல் ஊதி உதிர்ந்து போயிற்று. பலாமேசைகள் கறைபட்டனவேயன்றிக் கெடவில்லை. மாபோலைப் பக்கத்திற் பட்டறை வைத்திருக்கும் முதிய தச்சர் ஒருவரை அழைத்துக் காட்டினோம். அவர் மேசையைக் கவிழ்த்து மூட்டுகளைத் தட்டிப் பார்த்தார். “அண்ணை, இதுகள் இன்னும் பாவிக்கலாமோ?” என்றேன். “மாஸ்டர், இது உங்கட பேரப்பிள்ளையளும் இருந்து படிக்கிற சாமான். மூட்டைக் கழட்டித் திரும்பப் பூட்டலாம். சிப்போட்டில ஒருக்காக் கழட்டின ஆணியைத் திரும்ப இறுக்கிப் பாருங்கோ, பிடிக்காது” என்றார். கழற்றவும் மீண்டும் பூட்டவும் இயல்வதே நிலைத்த பொருளுக்கு இலக்கணம் என்பதை எந்நூலும் இத்துணைச் சுருங்கச் சொல்லி யான் கண்டதில்லை.

புதிதாக வேண்டிய மேசைகளுக்கு எம்மரம் கொள்வது என்ற வினா அடுத்து எழுந்தது. பலாவையும் ஈரப்பலாவையும் பெண்பனையையும் அனுமதியின்றித் தறித்தலை 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தடுக்கின்றது. உணவு தரும் மரங்களைக் காத்த நற்சட்டம் அது. இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுதல் 1990இல் நிறுத்தப்பட்டது. ஆகவே ரப்பர் மரத்தைத் தெரிந்தோம். 25, 30 ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த மரம் எப்படியும் தறிக்கப்படுவது. முன்னர் விறகாக எரிந்தது, இன்று போறன் உப்பூட்டிப் பதப்படுத்தப்பட்டுத் தளபாடமாகின்றது. ஈரமும் பூச்சியும் அதற்கு ஆகா; எனவே கால்களின் அடியில் ரப்பர்க் குமிழ் பொருத்தித் தரையினின்று உயர்த்தினோம். பதப்படுத்திய மரமா என்பதைக் கேட்டறிந்தே வாங்குதல் வேண்டும். கதிரைகள் மொறட்டுவைப் பட்டறையிற் செய்யப்பட்டவை, இருக்கைக்குப் பிரம்பு. பிரம்பு அறுந்தால் பின்னிக் கொடுப்பார் இன்றும் உளர். ஏடுகளுக்கு மட்டும் உருக்கு அலுமாரி. கறையானுக்கும் கடற்காற்றின் ஈரத்துக்கும் புலமைப்பரிசில் ஏட்டினை இரையாக்க இயலாது. எல்லாவற்றிற்கும் மரமே என்று பிடிவாதம் செய்தலும் பேதைமை.

முகடு வேண்டுமென்பதில் எவர்க்கும் கருத்து வேறுபாடில்லை. ஓட்டின் வெப்பம் நேரே தலையில் இறங்கும். மலைவேம்பு இனத்ததாகிய லுணுமிதெல்ல இலேசானது, விரைந்து வளர்வது. இந்நாட்டில் முகட்டுப் பலகைக்கு நன்கு பழகியது. அதையே கொண்டோம். சுவரின் உச்சியில் இருபுறமும் காற்றுத்துளைகளைத் திறந்துவிட்டதால் முகட்டின் மேலுள்ள வெக்கை தங்குவதில்லை. அஸ்பெஸ்ரஸ் தகட்டினை, அதாவது நாம் ‘சீற்’ என்பதனை, எவ்விடத்தும் வேண்டாம் என்று தீர்மானித்தோம். அதன் நுண்ணிழை நுரையீரலுக்குக் கேடு. அதனை விலக்க நம் நாடு முயன்றபோது, 2017 டிசெம்பரில் ரஷ்யா நம் தேயிலையை ஒரு வண்டின் பெயரால் நிறுத்தியதும், அம்முயற்சி பின்தள்ளப்பட்டதும் பலர் நினைவிலிருக்கும். ஒரு தகட்டுக்கும் ஒரு நாட்டின் தேயிலைக்கும் இத்தகைய தொடர்பு உண்டு. சிப்போட்டினை ஒட்டும் பசையிலிருந்து வெளிவரும் போமல்டிகைட்டு ஆவியும் அத்தகையதே. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் 2004இல் அதனை மனிதர்க்குப் புற்றுநோய் தருவதாக வகுத்தது. யன்னல் மூடிய குளிரறையில் அவ்வாவி தங்கும். திறந்த அறையிற் பெரும்பாலும் அகலும். பிள்ளைகள் மூன்று மணிநேரம் மூச்செடுக்கும் அறையில் இது சிறு காரியமன்று.

சிவப்புத் தரையை மெருகிட்டு அப்படியே விட்டோம். வாங்காத ஓடே மிகச் சிக்கனமான ஓடு.

பொருளாளர் ஐயாவின் கருத்துக்கும் இடமளித்தோம். வாயிலுக்கு நேரே, பழைய பலாமேசைகளுள் மிகப் பெரியதை மெருகேற்றி வைத்தோம். மஞ்சள் நிறம் முதிர்ந்து செம்பழுப்பாகிய அப்பலகை, கண்ணாடிபோல் ஒளிர்ந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர் பலர் முதலில் அம்மேசையையே தடவிப் பார்க்கின்றனர். “இது எங்கட பழைய லாபரட்டரி மேசைபோல இருக்கே!” என்கின்றனர். குளிர்காற்றுத் தரவியலாத ஒன்றை அம்மேசை தருகின்றது.

இவ்வமைப்பின் தகுதியைச் சோதிக்கும் காலமும் வந்தது. 2022ஆம் ஆண்டில் எரிபொருள் வாங்க நாட்டில் அந்நியச் செலாவணி இல்லாதொழிந்தது. மார்ச் 31ஆம் நாள் மின்வெட்டு 13 மணிநேரமாக நீண்டது. கண்ணாடி அடைத்த கந்தோர்கள் பல அந்நாட்களில் அடுப்புப் போலாயின. நமது மண்டபத்தில் எட்டு யன்னல்களும் திறந்திருந்தன. பகல் முழுதும் விளக்கின்றியே படிக்க முடிந்தது. இரவில், ஒரு சிறு மின்கலத்தில் 9 வாற்று விளக்குகள் ஆறு எரிந்தன. மூன்று மணிநேரத்துக்கு அது தாங்கிற்று. மே மாத இறுதியிற் சாதாரண தரப் பரீட்சை எழுதவிருந்த பிள்ளைகள், சித்திரையின் கொடும் வெக்கையிலும் ஒருநாட் கூடத் திருப்பியனுப்பப்படவில்லை. விசிறியும் நின்ற பிற்பகல்களில் வியர்வை சிந்தியதுண்டு. அதனை மறைத்தல் முறையன்று. ஆனால் வாசிப்பு நிற்கவில்லை. அவர்களது பெறுபேறு அவர்களது உழைப்பின் பயன். அதிற் பங்கு கேட்க மேசைக்கும் யன்னலுக்கும் உரிமையில்லை. தடையாக நில்லாமையே ஓர் அறை செய்யத்தக்க பேருதவி.

அவ்வாண்டுப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் ஐயா கணக்கறிக்கையை வாசித்தார். புலமைப்பரிசில் தொகை குறைக்கப்படவில்லை என்றார். மின்பட்டியலுக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “சொல்லத்தக்கதாக ஒன்றுமில்லை” என்றார். அறிக்கை முழுவதிலும் அவ்வரிக்கே மிகுந்த கரகோஷம் எழுந்தது.

குளிரூட்டியே தீது என்று கூற வந்தேனல்லேன். அறுவைக்கூடத்துக்கும் மருந்துக் களஞ்சியத்துக்கும் அது வேண்டும். பெருவீதிப் புகையும் இரைச்சலும் சூழ்ந்த கந்தோருக்கும் சில வேளை வேண்டும். வேண்டாத இடத்தில் அதனை மதிப்பின் சின்னமாக வைப்பதையே மறுக்கின்றேன். கந்தோர் அமைக்கப் புகும் நண்பர்க்கு என் சிற்றறிவிற் பட்டது இதுவே: முதலில் இருப்பதை எண்ணுக, அதனைப் பழுதுபார்க்க இயலுமா என்று அயலிலுள்ள தச்சரைக் கேட்க, ஞாயிறும் காற்றும் வரும் வழியை ஒரு வாரம் அமர்ந்து நோக்குக, அதன் பின்னரே வாங்குக. வாங்கும்போதும் பத்தாண்டு கழித்து அதனைத் திருத்துவார் யார் என்று வினவி வாங்குக.

இன்று நமது கல்லூரியில் வாங்கில் அமர்ந்திருக்கும் மாணவர் பலர், நாளை வங்கிகளுக்கும் திணைக்களங்களுக்கும் கம்பனிகளுக்கும் தலைமை பூணுவர். அவர்கள் மேசைக்கு வரைபடங்களும் மதிப்பீடுகளும் வரும். கையெழுத்திடுமுன் எழுந்து சென்று ஒரு யன்னலைத் திறந்து பார்ப்பாராக. கல்லூரி அன்னை நமக்கு அறிவோடு சிக்கனத்தையும் ஊட்டியே வளர்த்தாள். தன் பிள்ளைகள் தேடும் பொருள் பிற பிள்ளைகளின் கல்விக்குப் பயன்படுவதே அவளுக்கு உவப்பு. அவள் விழாக்கள் பல கண்டு நீடு வாழ்க!